புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் எந்த நாடு முதலிடம்? தரவரிசைப் பட்டியல்கள் குறித்த ஒரு திறனாய்வு

புதுப்பிக்கத்தக்க ஆற்றலை எந்தெந்த நாடு எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் பட்டியல்கள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. ஒரு பட்டியலில் சீனா முதலிடத்தில் இருக்கிறது. இன்னொன்றில் ஐஸ்லாந்தும் நார்வேயும் முன்னணியில் நிற்கின்றன. வேறொன்றைத் திறந்தால் காங்கோ மக்களாட்சிக் குடியரசு உச்சத்துக்கு அருகே இருக்கிறது. இவற்றில் எதுவும் பொய்க் கணக்கு அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. கேள்வியைச் சொல்லாமல் விடையை மட்டும் அச்சிடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இந்தப் பட்டியல்களில் வழங்கும் முக்கியமான அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எதை அளக்கிறது, எதை மறைக்கிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது. எல்லா அளவுகோலுக்கும் குறை உண்டு. ஆனால் எல்லாக் குறையும் ஒரே தரத்தது அல்ல. சில குறைகள் படிப்பவரை ஏமாற்றும். எச்சரிக்கையாகப் படித்தால் சரியாகிவிடும். ஒரு குறை மட்டும் அளவுகோலின் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட சுட்டெண்ணில், விறகடுப்பின் புகையும் கூரைமேல் உள்ள சூரியத் தகடும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்கின்றன. அதுவே இக்கட்டுரையின் முதன்மையான குற்றச்சாட்டு.

நிறுவுதிறன்: பெரிய எண், சிறிய பொருள்

செய்திகளில் மிகுதியாக வருவது நிறுவுதிறன். ஒரு நாட்டில் அமைக்கப்பட்ட மின்நிலையங்கள் எல்லாம் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு மின்சாரம் தர இயலும் என்பதை மெகாவாட் அல்லது கிகாவாட் கணக்கில் சொல்வது அது. அபுதாபியைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி, 2024 முடிவில் உலகின் மொத்தப் புதுப்பிக்கத்தக்க நிறுவுதிறன் 4,448 கிகாவாட். அந்த ஓராண்டில் மட்டும் 585 கிகாவாட் சேர்ந்தது. 2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாடு, 2030க்குள் உலகின் நிறுவுதிறனை மூன்று மடங்காக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அந்த இலக்கும் நிறுவுதிறனில்தான் சொல்லப்பட்டது.

இந்த எண்ணில் ஒரு வசதி உண்டு. எண்ணுவது எளிது. நிலையம் எழுந்ததும் கணக்கில் ஏறிவிடும். ஆனால் நிலையம் எழுந்ததற்கும் மின்சாரம் வந்ததற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 1,000 மெகாவாட் அணுமின் நிலையம் ஆண்டில் 85 விழுக்காடு அளவுக்கு இயங்கினால் சுமார் 745 கோடி யூனிட் கிடைக்கும். அதே 1,000 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு இரவு உண்டு, மேகம் உண்டு. அது 20 விழுக்காடு அளவுக்கு இயங்கினால் கிடைப்பது சுமார் 175 கோடி யூனிட். நிறுவுதிறன் ஒன்றே, விளைச்சலில் நான்கு மடங்குக்கும் மேல் வேறுபாடு. காற்றாலை இடையில் நிற்கும். நிலத்தில் நிற்கும் காற்றாலையைவிடக் கடலில் நிற்கும் காற்றாலை கூடுதலாகத் தரும்.

இந்தியாவின் நிலையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாரிஸ் உடன்படிக்கைக்காக 2015இல் இந்தியா கொடுத்த உறுதிமொழி, 2030க்குள் நிறுவுதிறனில் 40 விழுக்காடு புதைபடிவமல்லாத மூலங்களிலிருந்து இருக்கும் என்பது. 2022இல் அதை 50 விழுக்காடாக உயர்த்தியது. 2025 ஜூன் முடிவிலேயே அந்த எல்லையை எட்டிவிட்டது. ஐந்தாண்டு முன்னதாக எட்டியது பெருமைக்குரியதுதான். ஆனால் 'இந்தியாவின் மின்சாரத்தில் பாதி தூய்மையானது' என்று அதற்குப் பொருள் இல்லை. உண்மையில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் புதைபடிவமல்லாத மூலங்களிலிருந்து வருகிறது. மீதியின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. 'புதைபடிவமல்லாத' என்ற சொல்லில் அணுமின்சாரமும் அடங்கும் என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அது 'புதுப்பிக்கத்தக்க' என்பதற்கு மாற்றுச்சொல் அல்ல.

நிறுவுதிறனை எழுதும் முறையிலும் ஒற்றுமை இல்லை. சூரியத் தகடு நேர்மின்சாரம் தருகிறது. அது மாற்றி வழியாக மாறுமின்சாரமாகி வலையமைப்புக்குள் போகிறது. சில நாடுகள் தகட்டின் திறனை எழுதுகின்றன. சில நாடுகள் மாற்றியின் திறனை எழுதுகின்றன. ஒரே நிலையத்துக்கு இந்த இரண்டு எண்களும் கணிசமாக வேறுபடும். இரண்டையும் ஒரே நிரலில் அடுக்கிவிட்டுத் தரவரிசை சொல்வது, கிலோவையும் பவுண்டையும் ஒரே தராசில் போடுவதற்கு ஒப்பானது.

கணக்கில் ஏறாத திறனும் உண்டு. 2024ஆம் ஆண்டில் மட்டும் பாகிஸ்தான் சீனாவிலிருந்து சுமார் 17 கிகாவாட் அளவுக்குச் சூரியத் தகடுகளை இறக்குமதி செய்தது. அவற்றில் பெரும்பகுதி வீட்டுக் கூரைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் வயல்களுக்கும் போயிற்று. அரசின் மின் பதிவேட்டில் தெரிந்தது அதில் ஒரு சிறு பங்கே. மின்கட்டண உயர்வைத் தாங்க முடியாத மக்கள் தாங்களாகவே செய்த மாற்றம் இது. அலுவல்முறைப் புள்ளிவிவரத்தை மட்டும் நம்பினால் இவ்வளவு பெரிய மாற்றம் நம் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். இறக்குமதிப் பதிவுகளைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள்.

மின்சாரத்தில் பங்கு: மலையும் மழையும் கொடுத்த மதிப்பெண்

அடுத்த அளவுகோல், ஒரு நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் புதுப்பிக்கத்தக்க மூலங்களின் விழுக்காடு. நிறுவுதிறனைவிட இது நம்பத் தகுந்தது. ஓடிய மின்சாரத்தை அளக்கிறது. இந்த அளவுகோலில் ஐஸ்லாந்து, நார்வே, பராகுவே, நேபாளம், எத்தியோப்பியா, காங்கோ ஆகியவை 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கின்றன.

இந்த ஆறு நாடுகளும் ஒன்றல்ல என்பது பெயரைப் படித்ததுமே தெரியும். நார்வேக்கு மலையும் பனியும் உண்டு. நூறாண்டுக்கு மேலாக நீர்மின் நிலையங்கள் அமைத்து வருகிறது. அதே நார்வே எண்ணெயும் எரிவாயுவும் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது. அந்த எரிபொருளின் புகை இறக்குமதி செய்யும் நாட்டின் கணக்கில் ஏறும். ஐஸ்லாந்துக்கு ஆறுகளோடு நிலத்தடி வெப்பமும் கிடைத்தது. 4 லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை அலுமினிய உருக்காலைகள் பயன்படுத்துகின்றன. எனவே தலைக்கு எத்தனை யூனிட் என்று கணக்கிட்டால் உலகிலேயே உயர்ந்த எண் வரும். அது அங்குள்ள மக்களின் வீட்டுப் பயன்பாட்டைக் காட்டும் எண் அல்ல. பராகுவேக்கு பிரேசிலுடன் பங்கிட்டுக்கொண்ட 14,000 மெகாவாட் இட்டாய்ப்பு அணை இருக்கிறது. தனக்குத் தேவைப்படாத பங்கை அது பிரேசிலுக்குக் கொடுக்கிறது.

காங்கோவின் மின்சாரமும் ஏறத்தாழ முழுவதும் நீர்மின்சாரம்தான். ஆனால் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் மின் இணைப்பு இருக்கிறது. மின்சாரமே இல்லாத வீடு இந்த விழுக்காட்டுக் கணக்கின் தொகுதியிலும் வராது, பகுதியிலும் வராது. பின்னத்தில் இரண்டு பக்கமும் இல்லாத மக்களைப் பற்றி அந்தப் பின்னம் எதுவும் சொல்லாது. 100 விழுக்காடு என்ற மதிப்பெண் அங்கே ஆற்றல் மாற்றத்தைக் காட்டவில்லை; மிகச் சிறிய மின்துறையைக் காட்டுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் டென்மார்க்கை வைத்துப் பார்க்கலாம். அங்கே மலை இல்லை, பெரிய ஆறு இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு திட்டமிட்டுக் காற்றாலைகளை வளர்த்து, இன்று தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது. பட்டியலில் டென்மார்க் நார்வேக்குக் கீழே இருக்கும். ஆனால் முயற்சி என்று பார்த்தால் டென்மார்க்கின் எண்ணில்தான் கற்க வேண்டிய பாடம் கூடுதல். காற்று நின்றபோது நார்வே, சுவீடன், ஜெர்மனி ஆகிய அண்டை நாடுகளோடு உள்ள மின்தொடர்பு அதற்குக் கைகொடுக்கிறது என்பதும் அந்தப் பாடத்தில் அடங்கும். எல்லைக்கு உட்பட்டு மட்டும் கணக்கெடுக்கும் பட்டியலில் இந்தத் துணை தெரியாது.

மழையும் இந்த எண்ணோடு விளையாடும். இலங்கையில் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மின்சாரத்தில் பாதியளவோ அதற்கு மேலோ நீரிலிருந்தும் பிற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்தும் வந்ததுண்டு. வறட்சி ஆண்டில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்ததும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு இடையே யாரும் அணையை இடிக்கவில்லை, கொள்கையும் மாறவில்லை. ஓராண்டு எண்ணை வைத்து 'இலங்கை பின்வாங்கியது' என்று எழுதினால் அது வானிலைச் செய்தியே தவிர ஆற்றல் கொள்கையின் மதிப்பீடு அல்ல.

விறகும் சூரியத் தகடும் ஒன்றா?

மின்சாரம் என்பது ஆற்றலின் ஒரு பகுதிதான். போக்குவரத்து, சமையல், தொழிற்சாலை வெப்பம் எல்லாம் சேர்ந்ததே முழுக் கணக்கு. அதனால்தான் ஐக்கிய நாடுகள் அவையின் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் ஏழாவது இலக்கு, மொத்த இறுதி ஆற்றல் நுகர்வில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கைச் சுட்டெண்ணாக எடுத்துக்கொண்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவே நேர்மையான அளவுகோல். எதையும் விட்டுவிடவில்லை.

சிக்கல், எதையும் விட்டுவிடாததில்தான் இருக்கிறது. விறகு மீண்டும் வளர்வது, எனவே புதுப்பிக்கத்தக்கது. மூன்று கல் அடுப்பில் எரியும் சுள்ளி, வறட்டி, பயிர்த்தட்டை எல்லாம் இந்தச் சுட்டெண்ணில் சேர்கின்றன. உலக அளவில் இந்தப் பங்கு சுமார் 18 விழுக்காடு. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு இப்படிப்பட்ட பழைய முறை எரிபொருள்தான். காங்கோவின் பங்கு 90 விழுக்காட்டுக்கும் மேல். அந்தப் பட்டியலில் அது ஜெர்மனியையும் டென்மார்க்கையும் தாண்டி நிற்கிறது.

அடுப்புப் புகையால் யார் சாகிறார்கள் என்று கேட்டால் இந்த எண்ணின் உண்மை முகம் தெரியும். வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. பெரும்பாலும் பெண்களும் சிறுகுழந்தைகளும் அடுப்பருகே கூடுதல் நேரம் இருப்பவர்கள். இன்னும் சுமார் 210 கோடி மக்களுக்குத் தூய சமையல் எரிபொருள் கிடைக்கவில்லை. அவர்கள் மூச்சில் இழுக்கும் புகைதான் அந்த நாடுகளுக்கு இந்தச் சுட்டெண்ணில் உயர்ந்த மதிப்பெண் வாங்கித் தருகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். 2016 மே மாதம் இந்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கி ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரில் சமையல் எரிவாயு இணைப்பு கொடுத்தது. 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் கொடுக்கப்பட்டன. உருளையை மறுபடி நிரப்பப் பணமில்லாமல் பல குடும்பங்கள் விறகுக்குத் திரும்பின என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் ஒரு பெண் விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறுவது முன்னேற்றம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. எரிவாயு புதைபடிவ எரிபொருள். எனவே அவள் மாறிய நாளில் இந்தச் சுட்டெண்ணில் இந்தியாவின் மதிப்பெண் குறைகிறது. 1990இல் இந்தியாவின் பங்கு பாதியளவுக்கு இருந்தது. பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் இந்தியா காற்றாலைகளையும் சூரியப் பூங்காக்களையும் கட்டிக்கொண்டேதான் இருந்தது. தொழிலும் போக்குவரத்தும் பெருகி நிலக்கரியும் எண்ணெயும் கூடியது ஒரு காரணம். மொத்தத்தில் விறகின் பங்கு குறைந்தது இன்னொரு காரணம். முதலாவது கவலைக்குரியது. இரண்டாவது மகிழ்ச்சிக்குரியது. ஒரே எண் இரண்டையும் ஒரே சரிவாகக் காட்டுகிறது.

ஏழாவது இலக்கின் முதல் பிரிவு, எல்லாருக்கும் தூய சமையல் எரிபொருள் வேண்டும் என்கிறது. இரண்டாம் பிரிவு, புதுப்பிக்கத்தக்க பங்கைக் கூட்டு என்கிறது. விறகை நம்பி வாழும் நாட்டில் முதல் பிரிவை நிறைவேற்றினால் இரண்டாம் பிரிவின் எண் சரியும். இலக்கைக் கண்காணிக்கும் அமைப்புகளுக்கு இது தெரியாததல்ல. தங்கள் ஆண்டறிக்கைகளில் பழைய முறை விறகையும் நவீனப் பயன்பாட்டையும் பிரித்தே விளக்குகிறார்கள். ஆனால் சுட்டெண் பிரிக்கப்படவில்லை. அறிக்கையின் விளக்கத்தைப் படிப்பவர் சிலர். சுட்டெண்ணை எடுத்து உலக வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டுபவர் பலர். அந்த வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் மிக வறிய பகுதிகள் அடர்பச்சையாகத் தெரியும்.

விறகின் அளவு எப்படிக் கிடைக்கிறது என்பதும் கேட்கத் தக்க கேள்வி. விறகடுப்புக்கு மீட்டர் இல்லை. வீட்டுக் கணக்கெடுப்புகளும் மதிப்பீடுகளும்தான் ஆதாரம். பிழைக்கு மிகுதியான வாய்ப்புள்ள எண்ணே கூட்டுத்தொகையில் மிகப் பெரிய எண்ணாகவும் இருந்தால், அந்த நாட்டுக்குத் தசமப் புள்ளியோடு மதிப்பெண் கொடுப்பதில் பொருளில்லை.

முதன்மை ஆற்றல்: ஒரே மின்சாரம், இரண்டு எடை

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகிறது. 3 பங்கு வெப்பம் எரித்தால் 1 பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக மின்சாரம் கிடைக்கும். முதன்மை ஆற்றல் கணக்கில் எரித்த 3 பங்கும் ஏறும். காற்றாலைக்கு எரிப்பது என்று ஒன்றும் இல்லை. 1 பங்கு மின்சாரத்துக்கு 1 பங்கு என்றே எழுதுவார்கள். ஒரே விளக்கை எரிய வைத்த இரண்டு நிலையங்களில் வீணாக்கிய நிலையம் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும்.

பாரிஸில் உள்ள பன்னாட்டு ஆற்றல் முகமை இம்முறையைப் பின்பற்றுகிறது. அணுமின்சாரத்துக்கு 33 விழுக்காடு திறனையும் நீர்மின்சாரத்துக்கு 100 விழுக்காடு திறனையும் கொள்கிறது. விளைவு: உலகில் நீர்மின்சாரம் அணுமின்சாரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உற்பத்தியாகிறது, ஆனால் முதன்மை ஆற்றல் பட்டியலில் நீர்மின்சாரத்தின் பங்கு அணுமின்சாரத்தின் பங்கில் பாதியளவுதான். முன்பு பிபி நிறுவனமும் 2023 முதல் ஆற்றல் கழகமும் வெளியிட்டு வரும் ஆண்டுப் புள்ளிவிவர ஏடு, நீர், காற்று, சூரிய மின்சாரத்தை அனல்மின் நிலையத்தில் எரிக்க வேண்டியிருந்த எரிபொருளாக மாற்றிக் கணக்கிட்டது. 2025 பதிப்பில் அந்த முறையைக் கைவிட்டது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து 'பங்கு குறைந்தது' என்று எழுதுபவர் இந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

வரையறையை மாற்றினால் வரிசை மாறும்

இந்தியாவில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் நெடுங்காலம் புதுப்பிக்கத்தக்கவை என்ற வகையில் சேர்க்கப்படவில்லை. 2019 மார்ச் மாதம் மத்திய அமைச்சரவை அவற்றையும் சேர்த்தது. சுமார் 45,000 மெகாவாட் நிலையங்கள் ஒரே முடிவில் அந்த வகைக்குள் வந்தன. அந்த முடிவுக்கு நியாயங்கள் உண்டு. ஆனால் அதனால் ஒரு யூனிட் மின்சாரமும் கூடவில்லை.

ஐரோப்பாவில் மரக்கட்டை எரிப்பதும் புதுப்பிக்கத்தக்கதே. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டு, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரத்துகள் குச்சிகளை எரிக்கிறது. எரிக்கும் இடத்தில் கரிமம் சுழி என்று எழுதப்படும். வெட்டிய காட்டின் கணக்கு வெட்டிய நாட்டில் எழுதப்படும். காடு மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். மதிப்பெண் அன்றைக்கே கிடைத்துவிடும்.

ஐரோப்பாவில் மின்சாரம் வேறு, அதன் தூய்மைச் சான்றிதழ் வேறு. நார்வே நிறுவனங்கள் தங்கள் நீர்மின்சாரத்தின் மூலச் சான்றிதழ்களைப் பிற நாட்டு நிறுவனங்களுக்கு விற்கின்றன. சான்றிதழ் வாங்காத நார்வேக் குடிமகனுக்கு வரும் மின்சாரம், அந்நாட்டு ஆணைய ஏட்டிலேயே பெரும்பாலும் புதைபடிவ, அணு மூலங்களைச் சேர்ந்ததாக எழுதப்படுகிறது. ஒரு பட்டியல் உற்பத்தியை வைத்து நார்வேக்கு மதிப்பெண் கொடுக்கிறது. சான்றிதழ் வாங்கியவரும் தம் விளம்பரத்தில் அதே மின்சாரத்தைச் சொல்லிக்கொள்கிறார்.

ஒற்றை எண்ணே வேண்டாமா?

'இப்படியெல்லாம் பார்த்தால் எந்த நாட்டையும் ஒப்பிட முடியாது; ஒரு எண் இருந்தால்தான் அரசுகள் அசையும்' என்று சொல்வார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டமாகவே ஓர் எண்ணை வைத்தது: 2020இல் மொத்த இறுதி நுகர்வில் 20 விழுக்காடு. 2020இல் 22 விழுக்காட்டை எட்டியது. ஒற்றை எண் வேலை செய்தது.

ஆனால் அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி இலக்கு கொடுத்தார்கள். காடும் ஆறும் உள்ள சுவீடனுக்கு 49, சிறு தீவான மால்ட்டாவுக்கு 10. மழை, காற்றின் ஏற்ற இறக்கம் மதிப்பெண்ணைக் கெடுக்காதபடி நீர்மின்சாரத்துக்கு 15 ஆண்டுச் சராசரி எடுத்தார்கள். காற்றுக்கும் சில ஆண்டுகளின் சராசரி எடுத்தார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மரக்கட்டை விஷயத்தில் அந்த வரையறை குறையுடையது. ஆனால் வெளிப்படையாக எழுதப்பட்டதால்தான் அதை எதிர்த்து வாதிட முடிகிறது. ஒவ்வொரு நாட்டையும் அதன் தொடக்க நிலையோடும் அதன் இலக்கோடும் ஒப்பிட்டார்கள். வகுப்பில் ஒவ்வொரு மாணவனையும் அவனுடைய சென்ற தேர்வோடு ஒப்பிடுவதுபோல.

ஆகவே என் பரிந்துரை எளிது. ஏழாவது இலக்கின் சுட்டெண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பழைய முறை விறகைத் தனி நிரலில் போட்டு, அது குறைவதை முன்னேற்றமாகக் கொள்ள வேண்டும். நவீனப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை இன்னொரு நிரலில் போட்டு, அது கூடுவதை முன்னேற்றமாகக் கொள்ள வேண்டும். தரவு ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை, எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. இது நிறுவுதிறனா, உண்மையான உற்பத்தியா?
2. மின்சாரத்தில் பங்கா, மொத்த ஆற்றலில் பங்கா?
3. விறகும் பெரிய அணைகளும் சேர்ந்துள்ளனவா?
4. ஓராண்டு எண்ணா, பல ஆண்டுச் சராசரியா?
5. வளர்ச்சி விழுக்காடு என்றால் எந்த அளவிலிருந்து? 10 மெகாவாட் 30 ஆனால் 200 விழுக்காடு வளர்ச்சி; 1 லட்சம் மெகாவாட் 1.2 லட்சம் ஆனால் 20 விழுக்காடுதான்.
6. புதுப்பிக்கத்தக்கது கூடியபோது நிலக்கரியும் எண்ணெயும் குறைந்தனவா?

ஆறாவது கேள்விதான் பட்டியல்களில் மிக அரிதாக இடம்பெறுகிறது. சீனா 2030க்கு வைத்த 1,200 கிகாவாட் காற்று, சூரிய இலக்கை 2024இலேயே கடந்தது. அதே ஆண்டில் அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. இரண்டு வாக்கியமும் உண்மை. வளிமண்டலத்துக்கு நாம் கட்டிய தகடுகளின் எண்ணிக்கை தெரியாது. எரித்ததன் அளவு மட்டுமே அதில் தங்கும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் எந்தப் பட்டியலுக்கும் பக்கத்தில் எரித்ததன் பட்டியலையும் வைத்துப் படிப்பது நல்லது.